கிரேடு நாலுக்கு அப்புறம் எந்த பீஸை எடுப்பது?

பியானோ கற்கிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் எந்த பீஸை எடுப்பது என்ற கேள்வியே வராது. மெத்தட் புத்தகம் இருக்கிறது. இந்த வாரம் ஒரு பக்கம், அடுத்த வாரம் அடுத்த பக்கம். புத்தகம் தீர்ந்த பிறகுதான் தொல்லை. முன்னூறு வருஷத்து இசை மொத்தமும் திடீரென்று முன்னால் வந்து நிற்கும், எதைத் தொடுவது என்று தெரியாது. யூடியூபில் கேட்டது, அத்தை மகள் வாசித்தது, தேர்வுப் பட்டியலில் முதலில் இருப்பது என்று எதையோ எடுப்பார்கள். முதல் பக்கம் நன்றாக வரும். இரண்டாம் பக்கத்தில் வண்டி நின்றுவிடும்.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன். என்னிடம் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர், முதல் பக்கத்தோடு நின்றுபோன நாலைந்து பீஸ்களோடுதான் வருகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடைநிலை என்று நான் சொல்வது யாரை? மூன்று நாலு ஷார்ப், ஃபிளாட் வரை ஸ்கேல் வரும். இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்யும். பெடல் மிதிக்கத் தெரியும், சுத்தமாக மாற்ற வராது. புது நோட்ஸைப் பார்த்தால் தடுமாறித்தான் வாசிப்பார்கள். டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற லண்டன் இசைத் தேர்வுகள் இரண்டிலும் எட்டு கிரேடு உண்டு. அந்தக் கணக்கில் மூன்றிலிருந்து ஆறு வரை. தேர்வே எழுதாமல் கோயிலிலும் மேடையிலும் வாசித்துப் பழகியவர்கள் இதில் எங்கேயும் இருக்கலாம். பெரும்பாலும் அவர்களுக்கு வலக்கை ஆறில் இருக்கும், இடக்கை இரண்டில் இருக்கும்.

கறுத்த பக்கத்தை முதலில் பாருங்கள்

ஒரு பீஸின் தரம் அதன் முதல் பக்கத்தில் இல்லை, அதன் ஆகக் கடினமான நாலு பாரில், அதாவது நாலு தாளச் சுற்றில், இருக்கிறது. பிரபலமான பீஸ்கள் பலவற்றில் முதல் பக்கம் கைக்கு எளிதாகத்தான் இருக்கும். அந்த ராகம் எல்லாருக்கும் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபர் எலீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பீத்தோவன் 1810-இல் எழுதியது, அவர் இறந்து நாற்பது வருஷம் கழித்து 1867-இல்தான் அச்சுக்கு வந்தது. அந்த ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப் வாசிக்காத பிள்ளை கிடையாது. ஏ மைனர் பகுதியில் இரண்டு கையும் மாறி மாறி வாசிக்கும், ஒன்று ஓடும்போது மற்றது பெரும்பாலும் சும்மா இருக்கும். அதனால் கிரேடு மூன்று பிள்ளைக்கும் வந்துவிடும். அப்புறம் எஃப் மேஜருக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் வலக்கையில் மிகக் குட்டி நோட்டுகளான டெமிசெமிகுவேவர் ஓட்டம் வருகிறது. முதல் பகுதியை உற்சாகமாக வேகத்தில் தொடங்கியவர் இங்கே அதே வேகத்தில் போக முடியாமல் பாதியாகக் குறைப்பார். கேட்கிறவர்களுக்கு யாரோ பிரேக் போட்டது தெரியும். அதையும் தாண்டினால் மூன்றாவது பகுதி. இடக்கை ஒரே ஏ-யை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும், மேலே கனமான கார்டுகள் (பல நோட்டுகள் ஒன்றாக). அது முடிந்ததும் ஏ மைனர் ஆர்பெஜியோ (கார்டை ஒவ்வொரு நோட்டாக உடைத்து வாசிப்பது) கீழிருந்து மேலே ஏறி, குரோமாட்டிக்காக, ஒரு கட்டை விடாமல், இறங்கி, பழைய ராகத்துக்கு வரும். இடக்கையில் ஒரே நோட்டைத் தட்டுவது பார்வைக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு இறுகிவிட்டால் பத்து பாருக்குள் கை வலிக்கும்.

எனவே ஃபர் எலீஸ் வேண்டுமென்றால் எஃப் மேஜரில் அந்த டெமிசெமிகுவேவர் வரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே உங்கள் விரல் எந்த வேகத்தில் நிதானமாக ஓடுகிறதோ, அதுதான் முழு பீஸுக்கும் வேகம். முதல் பகுதி மெதுவாகத் தெரிந்தால் தெரியட்டும். அது ஒன்றும் ஓட்டப்பந்தயம் இல்லை.

எந்த பீஸுக்கும் இதே முறைதான். நோட்ஸைக் கையில் எடுத்ததும் வாசிக்காதீர்கள், எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள். எங்கே மை அதிகமாகக் கறுத்திருக்கிறதோ, எங்கே ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல் மழையாகக் கொட்டுகிறதோ, அங்கே நாலு பாரைப் பென்சிலால் கட்டம் கட்டுங்கள். கடைசிப் பக்கத்தை மறக்க வேண்டாம், பல இசையமைப்பாளர்கள் கஷ்டத்தை அங்கேதான் வைத்திருப்பார்கள். அந்த நாலு பாரை மட்டும் ஒரு வாரம் தினமும் பத்து நிமிஷம் வாசியுங்கள், தனித்தனிக் கையாக, பிறகு சேர்த்து. வார முடிவில் பாதி வேகத்தில் இரண்டு கையும் சேர்ந்து வந்தால் பீஸை எடுக்கலாம். வரவில்லையென்றால் அலமாரியில் வையுங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம். ஒரு வாரம் போனதே என்று வருந்த வேண்டாம். மூன்று மாதம் போவதற்கு ஒரு வாரம் பரவாயில்லை.

இந்தச் சோதனையில் பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதி எப்படி வருகிறது என்று பாருங்கள். நோட்டுகள் கஷ்டமில்லை, நாலு ஷார்ப் பழகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில். வலக்கையில் கட்டைவிரலும் நடுவிரல்களும் மும்மூன்று நோட்டாக வரும் ட்ரிப்லெட்டை மெல்ல வாசிக்க, அதே கையின் சுண்டுவிரல் மேலே ராகத்தைப் பாட வேண்டும். ஒரே கைக்குள் இரண்டு சத்தம். சில இடங்களில் கை ஆக்டேவையும் (எட்டு வெள்ளைக் கட்டை) தாண்டி விரியும். கிரேடு ஐந்தை நன்றாக முடித்தவர்கள் எடுக்கலாம். மூன்றாம் பகுதியைப் பற்றி இந்தக் கட்டுரையில் பேச்சே இல்லை.

நீளம் குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு வகை. ஷோப்பானின் ஓபஸ் 28 (ஓபஸ் என்றால் படைப்பின் வெளியீட்டு எண்) பிரெலூடுகளில் 7-ஆவது பதினாறே பார், அரைப் பக்கம். 12-ஆவது பாரில் வரும் கார்டுக்குச் சின்னக் கைகள் பிளக்கும், கட்டைவிரல் ஒன்றே இரண்டு கட்டையை அமுக்க வேண்டியிருக்கும். 20-ஆவது பதின்மூன்று பார்தான், இடக்கையில் ஆக்டேவ், வலக்கையில் நிறைகார்டு, முதலிலிருந்து கடைசிவரை. அதே தொகுப்பில் 4-ஆவது, ஈ மைனர், இடைநிலைக்குக் கிடைத்த பரிசு. இடக்கையில் கார்டுகள் ஒவ்வொரு நோட்டாக இறங்கிக்கொண்டே போகும், வலக்கை ராகம் அசையாமல் நிற்கும். 1849-இல் பாரிஸ் மாதலேன் ஆலயத்தில் ஷோப்பானின் இறுதிச் சடங்கில் ஆர்கனில் வாசித்தவற்றில் இதுவும் ஒன்று. ஒரே ஒரு இடத்தில்தான் பெரிதாக வெடிக்கும். அந்த நாலு பாரைச் சரிசெய்துவிட்டால் மிச்சத்துக்குக் காதுதான் வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பது என்ன கருவி?

இதை யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் பியானோ கற்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் இருப்பது 61 கீ கீபோர்டு. அதில் தப்பில்லை, ஆனால் பீஸை அதற்கேற்ப எடுக்க வேண்டும். ஃபர் எலீஸ் 61 கீயின் இரண்டு ஓரத்தையும் தாண்டும். ஷோப்பான், டெபுஸி எல்லாம் பெடலையும் கனமான கட்டையையும் நம்பி எழுதியவை. காற்றைத் தொடுவது போல இருக்கும் கீபோர்டில் அவற்றை எவ்வளவு உழைத்தாலும் நியாயமான சத்தம் வராது.

பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போனால் இந்தக் கவலை இல்லை. மொசார்ட்டின் சொந்தப் பியானோவில் இருந்ததே ஐந்து ஆக்டேவ்தான். பாக்கின் இன்வென்ஷன்கள் நாலு ஆக்டேவுக்குள் அடங்கிவிடும், பெடல் கேட்காது. ஸ்கார்லட்டி 555 சொனாட்டா எழுதியிருக்கிறார், டி மைனரில் இருக்கும் கே. 32 (கே. என்பது பட்டியல் எண்) ஒரே பக்கம், மெதுவானது, எளிது. ஆக, 61 கீ வைத்திருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குப் பாக், ஸ்கார்லட்டி, கிளெமென்டி என்று வாசிக்கலாம். அப்புறம் 88 கீ, கனமான கட்டை உள்ள டிஜிட்டல் பியானோவுக்குப் பணம் சேர்ந்ததும் ஷோப்பானைத் தொடுங்கள். கீபோர்டோடு வரும் சின்னச் சதுரப் பெடல் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் ஒரு ரப்பர் மிதியடி போட்டால் நிற்கும்.

இன்னொரு விஷயம் டிரான்ஸ்போஸ் பட்டன். பாடகருக்கு ஈ ஃபிளாட் வேண்டுமென்றால் பட்டனைத் தட்டிவிட்டு சி மேஜரிலேயே வாசித்துப் பழகியவர்கள் நம்மில் ஏராளம். நானும் அவசரத்துக்கு அதைத் தட்டுகிறவன்தான். ஆனால் கற்கும் பீஸ்களில் வேண்டுமென்றே குறைந்தது இரண்டு கறுப்புக் கட்டைகளில் இருக்கட்டும். ஒன்று ஈ ஃபிளாட் அல்லது ஏ ஃபிளாட், இன்னொன்று ஏ அல்லது ஈ மேஜர். கிரேடு ஐந்து முடித்த பிறகும் நாலு ஃபிளாட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கும் மாணவருக்கு விரலில் பிரச்சினை இல்லை, அவர் எடுத்த பீஸ்களில்தான் பிரச்சினை.

ஒரே நேரத்தில் மூன்று உயரம்

தேர்வு எழுதும் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் பெரிய குறை இது. ஒரு கிரேடுக்கு மூன்று பீஸ், அந்த மூன்றையே ஒரு வருஷம். அடுத்த கிரேடு, அடுத்த மூன்று. எட்டாவது கிரேடு முடித்த கையில் மொத்தம் இருபத்து நாலு பீஸ் இருக்கும், அதிலும் இன்றைக்கு வாசிக்க வருவது கடைசி மூன்றுதான். வருஷம் முழுக்க மூன்றே பாடத்தை மனப்பாடம் செய்து பாஸான பிள்ளையிடம் ஒரு வாரப் பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான் புது நோட்ஸ் முன்னால் உட்காரும்போது இருக்கும்.

ஒரே நேரத்தில் மூன்று பீஸ் கையில் இருக்கட்டும், மூன்றும் வேறு வேறு உயரத்தில். ஒன்று எட்டிப் பிடிக்க வேண்டியது, மூன்று மாதம் ஆகலாம். ஒன்று உங்கள் தரத்திலேயே, ஒரு மாதத்தில் முடிவது. மூன்றாவது உங்கள் தரத்துக்கு இரண்டு கிரேடு கீழே, ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. பெற்றோருக்கு இந்த மூன்றாவதுதான் பிடிக்காது. ‘கிரேடு அஞ்சு படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு சார் கிரேடு மூணு?’ என்பார்கள். புது நோட்ஸைப் பயமில்லாமல் வாசிக்கும் பழக்கம் அதில்தான் வரும். சத்தத்தை அழகாக்கும் வேலையும் அதில்தான் நடக்கும். விரலுக்குக் கஷ்டமில்லாதபோதுதான் காது திறக்கும்.

கோயிலில் வாசிக்கிறவர்களுக்கு இந்த மூன்றாவது வகை பக்கத்திலேயே இருக்கிறது. பாமாலைப் பாட்டுகளின் மெட்டுகள் நாலு குரலில் அச்சான டியூன் புத்தகம் பழைய ஆலயங்களில் எங்காவது ஒரு பீரோவில் இருக்கும். வாரம் ஒரு மெட்டை, சோப்ரானோவும் ஆல்டோவும் வலக்கையில், டெனரும் பாஸும் இடக்கையில், அச்சில் இருக்கிறபடியே வாசியுங்கள். கார்டு பெயரை மட்டும் பார்த்து இடக்கையில் ஆக்டேவ் தட்டுவது வேறு, இது வேறு.

மாதக் கணக்கும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச்சில் பொதுத் தேர்வு. டிசம்பரில் போய் எட்டிப் பிடிக்கும் பீஸைத் தொடங்கினால் அது பிப்ரவரியில் அனாதையாகும். பெரிய பீஸை ஏப்ரல், மே விடுமுறையில் தொடங்குங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாரத்து பீஸ் மட்டும் போதும், ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்.

என் அலமாரியிலிருந்து

பாக்கில் தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊர் கைக்கு ஆக அவசியம் அவர்தான். எல்லாரும் வாசிக்கும் அந்த ஜி மேஜர் மினுவெட் பாக் எழுதியதல்ல. அவர் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725-ஆம் வருஷத்து நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் அவர் பேரிலேயே ஓடியது, எழுதியவர் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் என்பது 1970-களில்தான் தெரிந்தது. அந்தப் புத்தகத்தை முடித்தவர்கள் அடுத்து லிட்டில் பிரெலூட்ஸ், பிறகு இன்வென்ஷன் என்று போகலாம்.

இன்வென்ஷன் மொத்தம் 15. மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமனின் பாடத்துக்கு எழுதியவற்றைத் திருத்தி 1723-இல் பாக் சுத்தப் பிரதி எடுத்தார். இரண்டு குரலைச் சுத்தமாக வாசிக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவது போல வாசிக்கவும் கற்க என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறார். 1-இல் தொடங்கி வரிசையாகப் போக வேண்டியதில்லை. அந்த வரிசை ஸ்கேல் வரிசை, கஷ்டத்தின் வரிசை அல்ல. நான் 4-இல் தொடங்குவேன், டி மைனர். டி-யிலிருந்து ஆறு நோட் படிப்படியாக ஏறி பி ஃபிளாட்டுக்குப் போகும். அங்கிருந்து அடுத்த நோட் சட்டென்று கீழே சி ஷார்ப், உடனே மறுபடி மேலே பி ஃபிளாட், பிறகு படிப்படியாக இறக்கம். அந்த ஒரு தாவலில்தான் பீஸின் உயிர் இருக்கிறது. இரண்டு பார் கழித்து இதையே இடக்கை வாசிக்கும், அதே கூர்மையோடு. பின்னால் இடக்கைக்கு நீளமான ஒரு ட்ரில் (பக்கத்துப் பக்கத்து இரண்டு நோட்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) வேறு உண்டு. அது உடனே வராவிட்டால் முதலில் நோட்டைப் பிடித்து வைத்து வாசியுங்கள், ட்ரில்லைப் பிறகு சேர்க்கலாம். இதை முடித்ததும் 1, 8, 13. இரண்டு கையும் சமம் என்பதை வேறு எந்த பீஸும் இவ்வளவு கறாராகக் கேட்காது.

சொனாட்டினாக்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1797-இல் வந்த கிளெமென்டியின் ஓபஸ் 36-இல் முதலாவதை மட்டுமே எல்லாரும் வாசிக்கிறார்கள். 3-ஐயும் 4-ஐயும் பாருங்கள். கூலாவின் ஓபஸ் 20, ஓபஸ் 55 இரண்டும் விரலுக்கு இனிமை. அதற்கடுத்த படி பீத்தோவனின் ஓபஸ் 49, எண் 2, ஜி மேஜர். அவர் இளவயதில் எழுதி அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததைத் தம்பி காஸ்பர் 1805-இல் வெளியிட வைத்தார். முதல் அச்சில் சத்தம் கூட்டவும் குறைக்கவும் குறிகளே ஏறக்குறைய கிடையாது. உங்கள் புத்தகத்தில் எக்கச்சக்கமாக இருந்தால் அவை யாரோ ஓர் எடிட்டர் போட்டவை, பிடிக்காவிட்டால் மாற்றலாம். மொசார்ட்டின் கே. 545-ஐ மட்டும் அவசரப்படாதீர்கள். தொடக்கக்காரர்களுக்கு என்று அவரே குறித்திருக்கிறார்தான். ஆனால் ஒரு ஸ்கேலில் ஒரு விரல் சறுக்கினாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். கிரேடு ஆறு வரை காத்திருங்கள்.

எட்யூட் (பயிற்சி பீஸ்) என்றால் புர்க்ம்யூல்லரின் ஓபஸ் 100. 25 பீஸ், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைப் பழக்கும், அதோடு காதுக்கும் நன்றாக இருக்கும். அரபெஸ்கை எல்லாரும் வாசிப்பார்கள். 15-ஆவது, பலாட், சி மைனர், அதை எடுங்கள். வலக்கை கார்டைக் குத்திக்கொண்டிருக்க, இடக்கையில் ராகம் பேய்க்கதை போல ஓடும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த பீஸை நான் கண்டதில்லை.

பெடலையும் பாடும் சத்தத்தையும் பழக ஷூமனின் ஓபஸ் 68 இருக்கிறது. 1848-இல் மகள் மரீக்காகத் தொடங்கியது, 43 பீஸ். முதல் 18 சிறியவர்களுக்கு, 19-இலிருந்து கொஞ்சம் பெரியவர்களுக்கு. இடைநிலைக்காரர்கள் அந்த இரண்டாம் பாதியில் உலாவுங்கள். அதில் மூன்று பீஸுக்குப் பெயரே இல்லை, தலைப்பில் மூன்று நட்சத்திரம் மட்டும். மூன்றும் அழகு. சைகோவ்ஸ்கி 1878-இல் எழுதிய ஓபஸ் 39 ஷூமனைப் பார்த்து எழுதியது, அதில் 24 பீஸ்.

ஆனால் ஒரே ஒரு ரொமாண்டிக் பீஸ்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் கிரீகின் அரியெட்டாவை எடுங்கள். லிரிக் பீஸஸ் பத்துப் புத்தகம், மொத்தம் 66 பீஸ். அதன் முதல் புத்தகமான ஓபஸ் 12-இன் முதல் பீஸ் இது, ஈ ஃபிளாட் மேஜர், ஒரே பக்கம். மேலே ராகம், கீழே பாஸ். நடுவில் ஓடும் ஆர்பெஜியோவை இரண்டு கையும் பங்கு போட்டுக்கொள்ளும், இடக்கை தொடங்க வலக்கை கட்டைவிரலருகில் முடிக்கும். அந்தக் கைமாற்றம் கேட்கவே கூடாது, ஒரே கை வாசிப்பது போல இருக்க வேண்டும். முதலில் நடு ஓட்டத்தை மட்டும் வாசியுங்கள், ராகமும் வேண்டாம், பாஸும் வேண்டாம். அது சீரானதும் பாஸ், கடைசியில் ராகம். பெடலை பாஸ் மாறும்போது மாற்றுங்கள். மூன்று அடுக்குச் சத்தத்தை இவ்வளவு குறைந்த நோட்டில் கற்றுத் தரும் பீஸ் அபூர்வம். முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1901-இல் வந்த கடைசிப் புத்தகத்தின் கடைசி பீஸில் கிரீக் இதே ராகத்தை வால்ட்ஸாக மாற்றி வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டைக் கண்டு நம் பிள்ளைகள் ஒதுங்குவார்கள், ‘தப்பா கேக்குது சார்’ என்று. பார்டோக்கின் ஃபார் சில்ட்ரனில் ஆரம்பித்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஹங்கேரி, ஸ்லோவாக் நாட்டுப்புறப் பாட்டுகள், சின்னச் சின்னதாக. அவருடைய மிக்ரோகாஸ்மாஸ் 153 பீஸ், ஆறு புத்தகம். நாலாவதில் 113-ஆவதை நான் எல்லாருக்கும் கொடுப்பேன், பல்கேரிய தாளம், ஏழு எட்டு, அதாவது பாருக்கு ஏழு தட்டு. அச்சில் பார்த்தால் மிரட்டும். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் மிரட்ட ஒன்றுமில்லை. நம்முடையது தகிட தகதிமி, இது தகதிமி தகிட, அவ்வளவுதான். வாயால் சொல்லிக்கொண்டே மேஜையில் தட்டச் சொல்வேன், அப்புறம்தான் பியானோ. 115-ஆவது ஐந்து எட்டில் இருக்கிறது, அதற்குக் கண்ட சாபு தெரிந்தால் போதும்.

சினிமாப் பாட்டு எடுக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, இடக்கையைப் பார்த்துவிட்டு. இணையத்தில் விற்கும் நோட்ஸில் பெரும்பாலும் வலக்கை பாடகர் பாடுவதை அப்படியே வாசிக்கும், இடக்கை நாலு நிமிஷமும் ஒரே அச்சில் கார்டை உடைத்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தைக் கற்றால் மொத்தமும் கற்றதாகிவிடும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். கேட்டு நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

நோட்ஸ் வாங்கும்போது

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், ஓபஸ் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். ‘மினுவெட் இன் ஜி’ என்று தேடினால் பெட்ஸோல்டும் வருவார், பீத்தோவனும் வருவார். ஃபர் எலீஸ் என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் சுருக்கப்பட்ட எளிய வடிவம், அதில் நான் மேலே சொன்ன இரண்டு பகுதியும் இருக்காது. சுருக்கிய வடிவத்தை வாசித்துப் பழகிய விரலை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடப் பெரிய வேலை. எளிதாக்கப்பட்ட பெரிய பீஸைவிட, எளிதாகவே எழுதப்பட்ட சின்ன பீஸ் எப்போதும் மேல்.

இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்து அறுபது வருஷம் கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். பாக் முதல் பார்டோக் வரை ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். 1953-இல் இறந்த புரோகோஃபியெவும் இதில் சேர்த்தி, அவருடைய ஓபஸ் 65 பிள்ளைகளுக்கான 12 பீஸ். கபலெவ்ஸ்கி 1987-இல்தான் இறந்தார், அவருக்குப் புத்தகம் வாங்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பாக் நோட்ஸில் பழைய எடிட்டர்கள் ஸ்லர், ஃபோர்ட்டே எல்லாம் வரைந்து தள்ளியிருப்பார்கள். பாக் அவற்றை எழுதவில்லை. பாக், மொசார்ட், பீத்தோவன் மூவருக்கு மட்டுமாவது, எடிட்டர் சேர்த்தது இல்லாத ஊர்டெக்ஸ்ட் எடிஷன் ஒன்று வாங்கிவிடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் தம்பி தங்கை வரைக்கும் வரும்.

பெரிய பீஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு

சிலர் என்ன சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்கும் பீஸில் எது அவர்களை இழுக்கிறது என்று பார்த்து, அதே ருசியுள்ள வேறொன்றைக் கொடுப்பேன்.

மூன்லைட்டின் மூன்றாம் பகுதியைக் கேட்பவருக்கு வேகமும் கோபமும்தான் வேண்டும். புர்க்ம்யூல்லர் ஓபஸ் 109-இல் 13-ஆவதாகப் புயல் என்று ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் கபலெவ்ஸ்கி ஓபஸ் 27-இன் டொக்காட்டினா. வலக்கை ஒரே வடிவக் கார்டைப் பிடித்துக்கொண்டு தாவும், ராகம் இடக்கையில். கஷ்டத்துக்கு மூன்று மடங்கு கஷ்டமாகக் கேட்கும், மேடைக்கு அதுதானே வேண்டும்.

ஷோப்பானின் ஓபஸ் 9, எண் 2 நாக்டர்னைக் கேட்பவருக்கு ஜான் ஃபீல்ட். நாக்டர்ன் என்ற வகையையே தொடங்கிவைத்த அயர்லாந்துக்காரர். அவருடைய 5-ஆவது, பி ஃபிளாட், அதே இடக்கை அசைவு, அதே பாட்டு, தாவல்கள் மட்டும் குறைவு. டெபுஸியின் கிளேர் டி லூன் கேட்பவருக்கு ஐந்து ஃபிளாட்டும் நடுப்பக்க ஆர்பெஜியோவும் வரும்வரை சாட்டியின் முதல் ஜிம்னோபெடி. 1888-இல் எழுதியது. இடக்கை ஒவ்வொரு பாரிலும் பாஸிலிருந்து கார்டுக்குத் தாவும், ஆனால் போய்ச் சேர நிறைய நேரம் கொடுத்திருக்கிறார். கட்டையைப் பார்க்காமல் தாவப் பழகுங்கள்.

இப்படி எடுத்ததை முடித்த பிறகு பழைய நோட்ஸை எடுத்து, பென்சிலால் கட்டம் கட்டிய அந்த நாலு பாரை மறுபடி ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். வந்தால் தொடங்கலாம்.